கண்ணாடி பார்த்துத்தான் வலது பக்கம் போனேன், தப்பு யார் மேல்?

கேள்வி
9 ஜூன் 2024, காலை 11.40

நேற்று காலை ஆறரை மணி. மேல்மருவத்தூர் தாண்டி திண்டிவனம் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு சிமென்ட் லாரி. இண்டிகேட்டர் போட்டேன், வலது கண்ணாடி பார்த்தேன், யாரும் இல்லை, வலது லேனுக்கு ஏறினேன். பாதி ஏறுவதற்குள் பின்னாலிருந்து ஒரு கார் வந்து பின்கதவிலிருந்து முன்கதவு வரை உரசி, சைடு மிரரையும் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. நான் 70-ல் போனேன். அவன் 100-க்குக் குறையாமல் வந்திருப்பான். கண்ணாடி பார்த்துத்தானே திருப்பினேன்? இதில் என் தப்பு எங்கே இருக்கிறது? படம் பிறகு போடுகிறேன்.

9 ஜூன், இரவு 10.15

விபத்து வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸுக்கு அறிக்கை எழுதுவது என் தொழில். 19 வருடம் ஆகிறது, விழுப்புரம் திண்டிவனம் வட்டாரம். லேன் மாறும்போது இடித்தவர்களில் "கண்ணாடி பார்க்கவில்லை" என்று சொன்ன ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றும் நான் நினைக்கவில்லை. பார்த்திருக்கிறார்கள். எப்போது பார்த்தார்கள் என்பதைத்தான் நான் கேட்பேன்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் 70, அவர் 100. வித்தியாசம் 30. அதாவது ஒவ்வொரு விநாடியும் அவர் உங்களை எட்டு மீட்டருக்கு மேல் நெருங்குகிறார். நீங்கள் கண்ணாடியைப் பார்த்து, திரும்ப லாரியைப் பார்த்து, கியர் மாற்றி, ஸ்டீயரிங்கைத் தொட 4 விநாடி ஆனது என்று வையுங்கள். 33 மீட்டர் போயிற்று. பாதி லேன் ஏற இன்னும் இரண்டு விநாடி. மொத்தம் 50 மீட்டர். அப்படியானால் நீங்கள் பார்த்த நேரத்தில் அவர் 50 மீட்டர் பின்னால் இருந்தார். வெளிக் கண்ணாடி குவிந்த கண்ணாடி, எல்லாவற்றையும் சிறியதாக்கித்தான் காட்டும். 50 மீட்டரில் ஒரு கார் அதில் சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும். அதிகாலை வெளிச்சத்தில் சாம்பல் நிறக் கார் என்றால் அதுவும் இல்லை.

இன்னொன்றும் நடந்திருக்கலாம். அவரும் அப்போதுதான் ஏதோ ஒரு பஸ்ஸின் பின்னாலிருந்து வலது லேனுக்கு வந்திருக்கலாம். அப்படியென்றால் நீங்கள் பார்த்தபோது உங்கள் கண்ணாடியில் உண்மையிலேயே யாரும் இல்லை.

படம் போடுங்கள். வெயில் நேராக அடிக்கும்போது எடுக்க வேண்டாம். மாலையில், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி எடுங்கள்.

10 ஜூன், காலை 7.05

படம் வந்தது. கோடு பின்கதவில் மெல்லிசாகத் தொடங்கி முன்கதவில் அகலமாகி, முன் ஃபெண்டரில் முடிகிறது. மிரர் முன்பக்கமாக மடங்கியிருக்கிறது.

உரசலைப் படிப்பது கஷ்டமில்லை. இரண்டு வண்டியும் ஒரே திசையில் ஓடும்போது, வேகமாகப் போகிற வண்டியின் மேல் கோடு முன்னாலிருந்து பின்னால் விழும். மெதுவாகப் போகிற வண்டியின் மேல் பின்னாலிருந்து முன்னால் விழும். விரல் நுனியை இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் முள் மாதிரி தடுக்கும். பெயின்ட் சுருண்டு சேர்ந்திருக்கும் முனைதான் கோடு முடிந்த இடம். டயர் உரசியிருந்தால் நேர்க்கோடாக இருக்காது, பிறைப் பிறையாகக் கறுப்பு வளைவுகள் இருக்கும்.

உங்கள் வண்டியில் கோடு பின்னிருந்து முன்னுக்கு. ஆக அவர் உங்களைவிட வேகம். நீங்கள் சொன்னது சரி.

10 ஜூன், இரவு 9.50

"கண்ணாடியை எப்படி வைத்துக்கொள்வது" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நம் ஊரில் பெரும்பாலானவர் சைடு மிரரில் தன் காரின் கதவும் கைப்பிடியும் தெரியும்படி வைத்திருப்பார்கள். அது ஒரு தைரியம், அவ்வளவுதான். நம் கதவு எங்கே போய்விடப் போகிறது?

அமெரிக்காவில் ஜார்ஜ் பிளாட்சர் என்ற பொறியாளர் 1995-ல் ஒரு முறை சொன்னார். நம் வலது ஸ்டீயரிங்குக்கு மாற்றிச் சொல்கிறேன். தலையை வலது ஜன்னலில் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்த நிலையில் வண்டியின் ஓரம் மட்டும் கண்ணாடியில் லேசாகத் தெரியும்வரை வலது மிரரை வெளியே தள்ளுங்கள். பிறகு தலையை வண்டியின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து அதே மாதிரி இடது மிரர். நிமிர்ந்து உட்கார்ந்தால் உங்கள் வண்டி எந்த சைடு மிரரிலும் தெரியாது. முதல் இரண்டு நாள் அந்தரத்தில் ஓட்டுவது மாதிரி இருக்கும். எனக்கு ஒரு வாரம் ஆனது. ஆனால் முந்தி வருகிற வண்டி உள் கண்ணாடியிலிருந்து மறைவதற்குள் சைடு மிரரில் வந்துவிடும், அதிலிருந்து மறைவதற்குள் ஓரக்கண்ணுக்கு வந்துவிடும். மோட்டார் சைக்கிள் மெலிது, அது இன்னும் ஒளியும். அதனால் தோளுக்குமேல் ஒரு பார்வை எப்படியும் வேண்டும்.

இதற்காகவே பக்கத்தில் வண்டி வந்தால் விளக்கு எரியும் கருவி இப்போது பல கார்களில் வருகிறது. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு மையம் பார்த்ததில், அது இருந்த கார்களில் லேன் மாறும் விபத்து 14 சதவீதம் குறைந்தது. எனக்கு அந்த எண் சிறியதாகத்தான் பட்டது. யோசித்தால் காரணம் புரிகிறது. விளக்கு எரிந்தாலும் அதைப் பார்க்க வேண்டியது நாம்தானே.

12 ஜூன், பிற்பகல் 2.30

லாரிக்காரர்கள் ஏன் வலது லேனை விடுவதில்லை என்று கோபப்பட்டவருக்கு. இடது லேனில் ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். நிறுத்தி வைத்த டெம்போ, பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம், எதிர்த் திசையில் வருகிற டிவிஎஸ் ஃபிப்டி, இளநீர் வண்டி. 25 டன் ஏற்றியவருக்கு ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டு மறுபடி வேகம் பிடிக்க டீசலும் பொறுமையும் தீர்ந்துவிடும். அதனால் வலது பக்கம் ஒட்டிக்கொள்கிறார். நாம் இடது பக்கம் முந்துகிறோம். அவர் இடது பக்கம் ஒதுங்க வரும்போது நாம் அவருக்கு இல்லவே இல்லை.

இதை நான் வாயால் சொல்லிக்கொண்டிருந்தவன். நாலு வருடம் முன்னால் விழுப்புரத்தில் ஒரு பட்டறையில் பத்துச் சக்கர லாரியின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பட்டறைப் பையனை பைக்கோடு இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். "நிக்கறேன் சார்" என்று குரல் வருகிறது, ஆள் இல்லை. கையைத் தூக்கச் சொன்னேன். இடது ஜன்னலின் அடி விளிம்பில் நான்கு விரல் நுனி மட்டும் தெரிந்தது. இன்றைக்கும் லாரிக்கு இடது பக்கம் போக நேர்ந்தால் அந்த நான்கு விரல்தான் நினைவுக்கு வருகிறது.

முன்பெல்லாம் அந்தப் பக்கம் கிளீனர் இருப்பார். கையை வெளியே விட்டுக் கதவைத் தட்டுவார். ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிப் பின்னால் போய் "வரலாம் வரலாம் வரலாம்... ஓல்டான்!" இப்போது கட்டுப்படியாகவில்லை என்று நிறைய லாரிகள் டிரைவர் மட்டும்தான். கிளீனரோடு ஒரு ஜோடிக் கண்ணும் போய்விட்டது.

13 ஜூன், காலை 6.40

10-ம் தேதி காலையில் நான் எழுதியதைத் திருத்த வேண்டும். நேற்று நீங்கள் அனுப்பிய கிட்டப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் கதவில் இரண்டு உரசல் இருக்கிறது. மேலே இருப்பது அகலம், மேலோட்டம், அதில் சாம்பல் நிறப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது. கீழே இருப்பது ஒல்லி, ஆழம், ஸ்கேல் வைத்துக் கிழித்தது மாதிரி நேர். அதன் பள்ளத்தில் வெள்ளையாகப் பொடி. அது பெயின்ட் இல்லை, சிமென்ட். கார் கார் மீது உரசினால் இரண்டும் குலுங்கும், கோடு கொஞ்சமாவது ஏறி இறங்கும். ஆடாமல் நிற்கிற தூணின் விளிம்புதான் இப்படி நேராகக் கிழிக்கும்.

வீட்டு கேட் தூணா?

நான் முதலில் இரண்டையும் ஒன்றாகப் படித்துவிட்டேன். ஏனென்றால் தூணின் பக்கத்தில் ரிவர்ஸ் எடுத்தாலும் கோடு பின்னிருந்து முன்னுக்குத்தான் விழும். முந்திப் போகிற காரும், அசையாத தூணும் ஒரே திசையில் எழுதுகின்றன. திசை மட்டும் போதாது, பள்ளத்தில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மேல் உரசலைப் பொறுத்தவரை நான் சொன்னது நிற்கிறது. அவர் உங்களைவிட வேகம்தான்.

13 ஜூன், இரவு 8.20

கேட் தூண்தான் என்று ஒத்துக்கொண்டதற்கு நன்றி. போன தீபாவளிக்கு நடந்தது என்றால் இந்த க்ளெய்மில் சேர்க்காதீர்கள். மேல் உரசலை மட்டும் எழுதுங்கள். உங்களுடையது முழுப் பாலிசி என்றால், யார் தப்பு என்றாலும் உங்கள் சேதத்துக்குப் பணம் வரும். போவது நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. அது 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறுவது. நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று பார்த்து, டிங்கரிங் பெயின்டிங் செலவோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

15 ஜூன், இரவு 11.30

ரிவர்ஸ் பேச்சு வந்ததால் இது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

இரண்டு கார் முன்னும் பின்னும் இடித்திருக்கும். முன்கார்க்காரர் "பின்னால வந்து இடிச்சான்" என்பார். பின்கார்க்காரர் "நான் நின்னுட்டிருந்தேன், அவன்தான் ரிவர்ஸ்ல வந்தான்" என்பார். எது உண்மை? ஒரு வழி, பல்பு. பழைய இழை பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது இடி விழுந்தால், சூடான இழை இளகி நீண்டு தொங்கிவிடும். பல்பின் கண்ணாடியும் உடைந்திருந்தால் இழையின்மேல் வெளிறிய சாம்பல் பூச்சு படியும். எரியாத பல்பில் இழை சும்மா இருக்கும் அல்லது பட்டென்று முறிந்திருக்கும். ரிவர்ஸ் விளக்கின் பல்பை அதனால்தான் நான் கழற்றிப் பார்ப்பேன். எல்இடி வந்தபின் இந்தச் சாட்சி இல்லை.

இன்னொரு வழி, உயரம். வேகமாக வந்து பிரேக் போட்டால் காரின் மூக்கு இரண்டு மூன்று அங்குலம் தாழும். அதனால் பிரேக் போட்டு இடித்த கார், முன்கார் பம்பரின் தாழ்வான இடத்தில் இடிக்கும். நிற்கிற காரை ஒருவர் ரிவர்ஸில் வந்து இடித்தால் மூக்கு தாழாது. உயரம் அப்படியே பொருந்தும்.

இந்த உயரக் கணக்கை நம்பி ஒரு அறிக்கை எழுதினேன். எட்டு வருடம் ஆகிறது. முன்கார் ஒரு முதலாளியுடையது, ஓட்டியவர் சம்பளத்துக்கு இருந்தவர். "சார், நான் ரிவர்ஸ் போடவே இல்ல சார்" என்று பட்டறை வாசலில் நின்று மூன்று தடவை சொன்னார். ரிவர்ஸ் பல்பு நசுங்கித் தூளாகியிருந்தது, அதில் ஒன்றும் தெரியவில்லை. டேப் வைத்து அளந்தேன். இரண்டு பம்பரின் தடமும் அரை அங்குலம்கூடப் பிசகாமல் பொருந்தின. பிரேக் போட்ட அடையாளமே இல்லை என்று நினைத்தேன். முன்கார் பின்னோக்கி வந்திருக்கிறது என்று எழுதினேன். முதலாளி அவர் சம்பளத்தில் பிடித்தார், அடுத்த மாதம் வேலையை விட்டே அனுப்பினார்.

மூன்று மாதம் கழித்து அதே பட்டறைக்கு வேறு வேலையாகப் போனேன். டிங்கர் அண்ணன் பேச்சுவாக்கில், "அந்த வண்டி டிக்கில விரிப்பைத் தூக்கினா ஒரே அரிசி சார், கூட்டி அள்ளினோம்" என்றார். அப்படியே நின்றுவிட்டேன். விபத்தின்போது டிக்கியில் அரிசி மூட்டைகள் இருந்திருக்கின்றன. பின்பக்கம் இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்திருந்தது. பின்னால் வந்த கார் பிரேக் போட்டு அதன் மூக்கும் அதே அளவு தாழ்ந்திருந்தது. தாழ்ந்தது தாழ்ந்ததோடு பொருந்தியது. நான் அளந்தபோது மூட்டை இல்லை, பிரேக்கும் இல்லை, இரண்டும் நிமிர்ந்து நின்றன, அப்போதும் பொருந்தியது. அவர் சொன்னது உண்மையாக இருந்திருக்கலாம். எனக்கு அப்படித்தான் படுகிறது.

டிக்கியை நான் அன்றைக்குத் திறந்தேன். விரிப்பைத் தூக்கவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "முடிஞ்சுபோன கதை" என்றார். கம்பெனிக்கும் எழுத்தில் கொடுத்தேன். டிரைவர் திருப்பூர் பக்கம் போய்விட்டார் என்றார்கள், எண் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் எந்த வண்டியானாலும் முதல் கேள்வியாக எத்தனை பேர் உட்கார்ந்திருந்தீர்கள், டிக்கியில் என்ன இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

16 ஜூன், காலை 9.00

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. மேட்டில் நின்று கிளம்பும்போது கார் பின்னால் உருண்டு இடிப்பதும் உண்டு. அப்போது கியர் ரிவர்ஸில் இருக்காது, விளக்கும் எரியாது. பல்பு இழை சும்மா இருந்தால் "முன்கார் பின்னால் வரவில்லை" என்று சொல்லிவிட முடியாது. ரிவர்ஸ் கியர் போடவில்லை என்றுதான் சொல்ல முடியும்.

18 ஜூன், இரவு 10.40

பக்கச் சாலையிலிருந்து மெயின் ரோட்டில் சேருவது பற்றிக் கேட்டவருக்கு. மெயின் ரோட்டில் வருகிறவருக்குத்தான் முதல் வழி. 1989-ன் சாலை விதிகளிலேயே இருந்தது, புதிதல்ல. ஆனால் சேரும் இடத்தில் நான் அதிகம் பார்த்தது பக்கவாட்டு இடி இல்லை. முன்னால் சேர நின்ற காரின் பின்னால் போய் இடிப்பதுதான்.

எப்படி என்றால், சர்வீஸ் ரோட்டின் முனையில் இரண்டு கார். இருவரும் கழுத்தை வலது பக்கம் திருப்பி இடைவெளி பார்க்கிறார்கள். ஒரு இடைவெளி வருகிறது. முதல் கார் கிளம்பி, பயந்து மறுபடி நிற்கிறது. இரண்டாவது ஆள் அதே இடைவெளியைப் பார்த்து, முன்னால் இருந்தவர் போயிருப்பார் என்று எண்ணி, வலது பக்கமே பார்த்தபடி கிளம்புகிறார். டமால். இவரும் பார்த்துத்தான் கிளம்பினார், இடைவெளியும் உண்மைதான். அது முன்னவருக்கு வந்த இடைவெளி. அமெரிக்காவில் 100 கார்களில் கேமரா வைத்து ஒரு வருடம்போலப் பார்த்த ஆய்வு 2006-ல் வெளியானது. பதிவான மோதல்களில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தில், இடிக்கு முந்தைய மூன்று விநாடிக்குள் டிரைவரின் கவனம் முன்சாலையில் இல்லை. செல்போன் மட்டும் கண்ணைத் திருப்புவதில்லை. இடைவெளி தேடும் கண்ணும் திரும்பித்தான் இருக்கிறது.

பரனூர் டோல் தாண்டியதும் நடப்பது இன்னொரு வகை. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அதற்கு முன் காசு கொடுத்துச் சில்லறை வாங்கி ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். இப்போது எல்லா வாசலிலிருந்தும் ஒரே நேரத்தில் பாய்ந்து, விரிந்த இடம் சுருங்கும் முனைக்கு வந்து சேருகிறார்கள். யார் எந்த லேன் என்று கோடே இல்லாத அந்த இடத்தில் ஒவ்வொருவரும் தான் நேராகப் போவதாகவே நம்புகிறார்கள். வாக்குமூலம் எழுதும்போது இருவருமே "அவன்தான் என் பக்கம் வந்தான்" என்பார்கள். படம் வரைந்து பார்த்தால் இருவரும் சொல்வது சரியாக இருக்கும். நான் அங்கே முதல் 200 மீட்டர் மற்றவர்கள் வேகத்திலேயே போய், பக்கத்தில் இருப்பவரின் முன்சக்கரத்தை மட்டும் பார்ப்பேன். வண்டி சாய்வதற்கு முன்னால் சக்கரம் திரும்பும்.

22 ஜூன், மாலை 5.15

ரிவர்ஸ் சென்சார் இருக்கும்போது எப்படி இடிக்கும் என்ற கேள்வி. இந்தியாவில் 2019 ஜூலை 1-க்குப் பிறகு தயாரான எல்லா காரிலும் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். அது காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பது. இன்று காலை வீட்டு வாசலில் என் காரை வைத்துச் சோதித்தேன். பிளாஸ்டிக் குடம், உடனே கத்தியது. துடைப்பத்தைச் செங்குத்தாக நிறுத்தினேன், அரை மீட்டருக்குள் வந்த பிறகுதான் கேட்டது. கொடியில் தொங்கிய கம்பளிப் போர்வை, சத்தமே இல்லை. மெத்தென்ற துணி ஒலியைக் குடித்துவிடுகிறது. பம்பருக்கு மிக அருகில் கோலமாவுக் கிண்ணம், அதற்கும் சத்தமில்லை.

நேரக் கணக்கும் இருக்கிறது. சென்சார் ஒன்றரை மீட்டரில் கத்தத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வந்தால் அந்த ஒன்றரை மீட்டர் ஒரு விநாடியில் முடிந்துவிடும். சத்தம் கேட்டு, கால் பிரேக்குக்குப் போகவே ஒரு விநாடி ஆகும். நடக்கிற வேகத்தில் பாதியில் வந்தால்தான் சென்சாருக்கு வேலை.

அமெரிக்காவில் 2018 மே முதல் எல்லாப் புதுக் காருக்கும் பின் கேமரா கட்டாயம். அந்தச் சட்டத்துக்கு ஒரு இரண்டு வயதுக் குழந்தையின் பெயர், கேமரூன் குல்பிரான்சன். 2002-ல் வீட்டு வாசலில் தந்தை ரிவர்ஸ் எடுத்தபோது இறந்தவன். காருக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளம் திரையில் தெரிய வேண்டும் என்பது விதி. முன்னே சொன்ன இன்சூரன்ஸ் கம்பெனிகளின் ஆய்வு மையம் பார்த்ததில் கேமரா மட்டும் இருந்த கார்களில் ரிவர்ஸ் விபத்து 17 சதவீதம் குறைந்தது. தானாகப் பிரேக் போடும் கார்களில் 62 சதவீதம். கேமரா காட்டுகிறது, நாம் பார்க்க வேண்டும். பிரேக் நமக்காகக் காத்திருப்பதில்லை.

எங்கள் தெருவில் காலை எட்டு மணிக்குப் பள்ளி வேன் வரும். அந்த நேரத்தில் நான் வண்டியை எடுக்கவேண்டி வந்தால் ஒரு தடவை சுற்றி நடந்துவிட்டுத்தான் ஏறுவேன். நடந்துவிட்டு உள்ளே போய்ப் போன் பேசி வந்தால், மறுபடி நடக்க வேண்டும். முதல் நடை செல்லாது.

29 ஜூன், இரவு 9.30

நீங்கள் நேற்று அனுப்பிய செய்தியை இங்கே எழுத அனுமதி கொடுத்தீர்கள். அதே சாலையில் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினீர்கள். அவர் உங்கள் கண்ணையும் கையையும் மட்டும் பார்த்து, கண்ணாடியிலிருந்து பார்வை விலகியதும் எண்ணத் தொடங்கினார். எட்டுத் தடவை லேன் மாறினீர்கள். ஸ்டீயரிங் திரும்பும்போது அவர் எண்ணிக்கை இரண்டில் நின்றது ஒரே தடவை. மற்றதெல்லாம் மூன்று, நான்கு. ஒரு தடவை ஐந்து, அது முன்னால் போன லாரியின் பிரேக் விளக்கு எரிந்ததால்.

இண்டிகேட்டர் போட்டிருந்தேன் என்பதை நிரூபிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மிரரில் இருப்பது எல்இடி, பின் விளக்குக்கு அடியே படவில்லை. வண்டியை வைத்துச் சொல்ல முடியாது. போட்டேன் என்று எழுதுங்கள். மிரர் கண்ணாடியை மாற்றியதும் ஜன்னலில் தலையை ஒட்டி வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். பட்டறையில் பழையபடி கதவு தெரிகிற மாதிரிதான் வைத்துக் கொடுப்பார்கள்.